இரத்தம் ஏற்றுவது எப்போது? எவ்வளவு?
மருத்துவமனையில் சேர்க்கப்படும் இரத்தசோகை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம்

மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்கள் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. சிலர் அதற்காகவே சேர்க்கப்படுகிறார்கள். சிலருக்கு இடுப்பு எலும்பு முறிவு, நுரையீரல் தொற்று, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணத்துக்காக வந்த இடத்தில் அது தெரியவருகிறது. "இரத்தம் குறைவாக இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது இரத்தம் ஏற்றுவீர்கள்?" என்பதுதான்.

"இப்போதைக்குத் தேவையில்லை, கவனித்துக்கொண்டிருப்போம்" என்று பதில் வந்தால் பலருக்கு மனம் கலங்கிவிடுகிறது. வயதானவர்தானே என்று விட்டுவிட்டார்களா? இரத்தம் கையிருப்பில் இல்லையா? செலவைக் குறைக்கப் பார்க்கிறார்களா? இப்படியெல்லாம் எண்ணம் ஓடுகிறது.

பெரும்பாலான நேரங்களில் உண்மை அதுவல்ல. இரத்தம் ஏற்றாமல் காத்திருப்பதும் ஆராய்ந்து எடுத்த ஒரு மருத்துவ முடிவுதான். அந்த முடிவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, அந்த முடிவு சரியாக அமைய நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

இரத்தசோகை என்றால் என்ன?

"இரத்தம் குறைவு" என்று நாம் சொல்வதில் ஒரு குழப்பம் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கினாலும் அப்படித்தான் சொல்கிறோம். இரத்தசோகை வந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டும் வேறு. இரத்த அழுத்தம் சரியாக இருப்பவருக்கும் இரத்தசோகை இருக்கலாம். அழுத்தம் அதிகமாக இருப்பவருக்கும் இருக்கலாம்.

நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நுரையீரலிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு போய் மூளை, இதயம், தசை எல்லாவற்றுக்கும் கொடுப்பது அதன் வேலை. அதன் அளவு குறைவதே இரத்தசோகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை. சில பரிசோதனைத் தாள்களில் இதே அளவு 130, 120 என்று லிட்டர் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ரப்பர் தோட்டத்திலிருந்து ஆலைக்குப் பால் ஏற்றிச் செல்லும் லோரிகளை நினைத்துப் பாருங்கள். பத்து லோரிகள் ஓடிய இடத்தில் ஏழுதான் ஓடுகின்றன என்றால், அந்த ஏழும் கூடுதல் நடை போட்டு வேலையைச் சமாளிக்கும். நம் உடலும் அப்படித்தான். சிவப்பணுக்கள் குறைந்தால் இதயம் வேகமாகத் துடித்து அவற்றைக் கூடுதல் முறை சுற்றி வரச் செய்கிறது. திசுக்களும் ஒவ்வொரு சிவப்பணுவிடமிருந்தும் கூடுதலாகப் பிராணவாயுவை வாங்கிக்கொள்கின்றன. இரத்தசோகை மெதுவாக, மாதக்கணக்கில் வந்திருந்தால் உடல் இதற்கு நன்றாகவே பழகிவிடும்.

ஆனால் கூடுதல் நடை போட இதயம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பழுதுபட்ட இதயத்தால் அது முடியாமல் போகலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் விதிவிலக்குகளில் முக்கியமான ஒன்றுக்கு இதுவே காரணம்.

முன்பு 10, இப்போது 7

மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்து வெளியிட்டார். அதன் பிறகே ஒருவருடைய இரத்தத்தை இன்னொருவருக்குப் பாதுகாப்பாக ஏற்றும் வழி பிறந்தது. எந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும் என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மயக்க மருந்து வல்லுநர்கள் ஆடம்ஸ், லண்டி இருவரும் 1942இல் ஒரு பரிந்துரை செய்தார்கள். உடல் தளர்ந்த நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்கு முன் ஹீமோகுளோபின் 10க்குக் குறைந்திருந்தால் இரத்தம் ஏற்றுவது நல்லது என்பது அவர்கள் கருத்து.

அது அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்த கருத்து. நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து வந்த முடிவல்ல. ஆனாலும் "10க்குக் கீழே போனால் ஏற்று" என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் எழுதாத சட்டமாக இருந்தது. நம்மில் வயதில் மூத்த பலர் அந்தக் காலத்தில்தான் தம் பெற்றோருக்கு இரத்தம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறோம். இன்று குறைவாக ஏற்றுவதைக் கண்டு ஐயம் எழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1980களில் எய்ட்ஸ் நோய்க் கிருமி இரத்தத்தின் வழியாகவும் பரவுகிறது என்று தெரிந்தபோது, தேவையில்லாமல் இரத்தம் ஏற்றுகிறோமா என்று மருத்துவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விக்குப் பதில் காண நோயாளிகளின் சம்மதத்தோடு ஆய்வுகள் நடந்தன.

ஒப்பிடப்பட்ட இரண்டு முறைகள்

முதல் முறையைத் தாராள முறை எனலாம். ஹீமோகுளோபின் 9 அல்லது 10க்குக் கீழே போனவுடன் இரத்தம் ஏற்றுவது. இது பழைய வழக்கத்தை ஒட்டியது.

இரண்டாவதைச் சிக்கன முறை எனலாம். ஹீமோகுளோபின் 7 அல்லது 8க்குக் கீழே போகும் வரை, அல்லது நோயாளிக்கு இரத்தக் குறைவின் அறிகுறிகள் தோன்றும் வரை, ஏற்றாமல் கவனித்துக்கொண்டிருப்பது.

சிக்கனம் என்றதும் பணத்தை மிச்சப்படுத்துவது என்று எண்ணிவிட வேண்டாம். மருந்தை அளவாகக் கொடுப்பது போல இரத்தத்தையும் அளவாகக் கொடுப்பது என்பதே இதன் பொருள்.

ஆய்வுகள் என்ன காட்டின?

1999இல் வெளிவந்த கனடா ஆய்வில், தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 838 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்கு 10க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றப்பட்டது; மறு குழுவினருக்கு 7க்குக் கீழே போனால்தான் ஏற்றப்பட்டது. 30 நாட்களில் தாராளக் குழுவில் 100க்குச் சுமார் 23 பேரும் சிக்கனக் குழுவில் 100க்குச் சுமார் 19 பேரும் இறந்தனர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், சிக்கன முறை மேலானது என்று அதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் குறைவாக ஏற்றியதால் கூடுதல் பேர் இறக்கவில்லை என்பது தெரிந்தது. அதுவரை இருந்த நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

முதியவர்களுக்கு நெருக்கமான ஆய்வு 2011இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,016 பேர் அதில் இருந்தனர். அவர்களுடைய சராசரி வயது 80க்கு மேல். எல்லோருக்கும் இதய நோயோ, அது வருவதற்கான காரணங்களோ இருந்தன. ஒரு குழுவுக்கு 10க்குக் கீழே போனால் இரத்தம். மறு குழுவுக்கு 8க்குக் கீழே போனால் அல்லது அறிகுறிகள் இருந்தால் மட்டும் இரத்தம். 60 நாட்கள் கழித்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரால் பிறர் உதவியின்றி ஓர் அறையைக் கடந்து நடக்க முடிகிறது என்று பார்த்தார்கள். இறந்தவர்களும் அப்படி நடக்க முடியாதவர்களும் இரு குழுக்களிலும் 100க்கு ஏறக்குறைய 35 பேர். வேறுபாடு இல்லை. சிக்கனக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு பை இரத்தம்கூட ஏற்றாமலே தேறினார்கள். கூடுதல் இரத்தம் ஏற்றினால் கிழவர் சீக்கிரம் எழுந்து நடப்பார் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

2013இல் ஸ்பெயினின் பார்சலோனா நகரிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. வயிற்றுப் புண் போன்றவற்றால் இரைப்பையிலும் உணவுக் குழாயிலும் இரத்தம் கசிந்த 921 பேர் அதில் பங்கேற்றனர். கட்டுக்கடங்காமல் இரத்தம் கொட்டியவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆறு வாரங்களுக்குப் பிறகு சிக்கனக் குழுவில் 100க்கு 95 பேர் உயிரோடு இருந்தனர். தாராளக் குழுவில் 91 பேர். மீண்டும் இரத்தம் கசிந்தவர்கள் சிக்கனக் குழுவில் 100க்கு 10 பேர். தாராளக் குழுவில் 16 பேர். கூடுதல் இரத்தம் ஏற்றும்போது, குறிப்பாகக் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு, வயிற்றுப் பகுதி நாளங்களில் அழுத்தம் ஏறி, அடைபட்ட இடம் மறுபடியும் திறந்துகொள்ளலாம் என்பது ஒரு விளக்கம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் இத்தகைய 48 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். சிக்கன முறையால் இரத்தம் ஏற்றப்படுவோரின் விகிதம் 41 விழுக்காடு குறைந்தது. 30 நாட்களுக்குள் இறப்பவர்களின் விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

இவற்றை வைத்தே இன்றைய வழிகாட்டிகள் எழுதப்படுகின்றன. 2023இல் வெளியான ஓர் அனைத்துலக வழிகாட்டி, உடல்நிலை நிலையாக இருக்கும் பெரியவர்களுக்கு 7 என்ற அளவையும், இதய அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்கு 7.5 என்ற அளவையும், எலும்பு அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்கும் ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் 8 என்ற அளவையும் பரிந்துரைக்கிறது. ஜோகூர் பாருவானாலும் மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் ஆனாலும் வார்டில் மருத்துவர் 7, 8 என்று சொல்வதைக் கேட்டால், அது அவர் தாமாகச் சொல்லும் கணக்கல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு இந்த அளவு பொருந்தாது?

மாரடைப்பு வந்தவர்கள்: மாரடைப்புடன் இரத்தசோகையும் உள்ள 3,500 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் அல்லது மீண்டும் மாரடைப்பு வந்தவர்கள் தாராளக் குழுவில் 100க்கு 14.5, சிக்கனக் குழுவில் 16.9. இந்த வேறுபாடும் ஐயத்துக்கு இடமில்லாதது அல்ல. ஆனாலும் பழுதுபட்ட இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் உதவக்கூடும் என்ற பக்கமே அது சாய்கிறது. அதனால் மாரடைப்பு வந்தவருக்கு 8 அல்லது 9 இருக்கும்போதே மருத்துவர் இரத்தம் ஏற்ற முடிவெடுக்கலாம்.

இரத்தம் வேகமாக வெளியேறிக்கொண்டிருப்பவர்கள்: விபத்தில் சிக்கியவர், இரத்த வாந்தி எடுப்பவர் போன்றோருக்கு எண்ணுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இரத்தம் வேகமாகப் போகும்போது பரிசோதனை எண் உடனே இறங்காது. நோயாளியின் நிலையைப் பார்த்தே ஏற்றுவார்கள்.

தலசீமியா நோயாளிகள்: வாழ்நாள் முழுவதும் இரத்தம் தேவைப்படும் இவர்களுக்கு வேறு இலக்கு. பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும்போதே அடுத்த முறை ஏற்றப்படுகிறது.

இரத்தப் புற்றுநோய், மூளையில் கடுமையான காயம் போன்ற நிலைகளிலும் சிறப்பு மருத்துவர் தனியாக முடிவெடுப்பார்.

எண் ஒன்று, முடிவு இரண்டு

ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஹீமோகுளோபின் 7.8. முதலாமவர் 68 வயது அம்மா. பல மாதங்களாக மூல நோயால் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் போயிருக்கிறது. சோர்வு உண்டு, ஆனால் மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, இதய நோய் இல்லை. அவருக்கு இரத்தம் ஏற்றாமல் நரம்பு வழியாக இரும்புச் சத்து கொடுக்கிறார்கள். இரண்டாமவர் 74 வயது ஐயா. இரண்டு நாளுக்கு முன் மாரடைப்பு வந்தவர். அவருக்கு ஒரு பை இரத்தம் ஏற்றுகிறார்கள்.

அம்மாவின் மகன் இதைப் பார்த்தால், "அவருக்குக் கொடுக்கிறார்கள், எங்கள் அம்மாவுக்கு ஏன் இல்லை?" என்று வருந்தலாம். இருவருக்கும் அவரவருக்கு வேண்டிய சிகிச்சைதான் நடக்கிறது.

பொறுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள்

சிக்கன முறை பாதுகாப்பானது என்று ஆய்வுகள் சொல்வதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. நோயாளிக்கு அறிகுறி தோன்றினால், எண் 7க்கு இறங்கும் வரை காத்திருக்காமல் இரத்தம் ஏற்ற வேண்டும். அறிகுறி தோன்றியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நம் பெரியவர்கள் பலருக்கு வலியைப் பொறுத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த உடம்பு அது. மருத்துவர் காலையில் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு, தாதிக்கு வேலை என்று எண்ணி இரவில் வந்த நெஞ்சு இறுக்கத்தை மறைத்துவிடுவார்கள். வேறு சிலர், சொன்னால் வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போகும் என்று அஞ்சுவார்கள். இரத்தம் ஏற்றாமல் காத்திருக்கும்போது இந்த மௌனம் ஆபத்தானது.

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே தாதியை அழையுங்கள்:

• நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம்
• படுத்திருக்கும்போதோ சில அடி நடந்தாலோ மூச்சு வாங்குதல்
• உட்கார்ந்தால், எழுந்தால் தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருதல்
• படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தல்
• கறுப்பு நிறத்தில் தார் போன்ற மலம், இரத்த வாந்தி

மலாயில் சொல்ல வேண்டியிருந்தால், நெஞ்சுவலிக்கு "சாக்கிட் டாடா", மூச்சுத் திணறலுக்கு "செசாக் நாஃபாஸ்" என்று சொன்னாலே போதும். நீரிழிவு நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு மாரடைப்பிலும் வலி தெரியாமல் போகலாம். அவர்கள் மூச்சு வாங்குவதையும் திடீர் களைப்பையும் வியர்வையையும்கூடச் சொல்ல வேண்டும். நோயாளி குழப்பமாகப் பேசினாலோ வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினாலோ, அவரை நன்றாக அறிந்த குடும்பத்தார்தான் அதைக் கவனித்துச் சொல்ல முடியும்.

கூடுதலாக ஏற்றினால் என்ன கெடுதல்?

"ஒரு பை கூடுதலாகப் போனால் பலம்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தம் சத்து நீர் அல்ல. இன்னொரு மனிதரின் உயிருள்ள திசு அது. ஏற்றுவதில் சில ஆபத்துகள் உள்ளன.

முதியவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது நீர்ச்சுமை. இரத்த நாளத்துக்குள் திடீரென்று கூடுதல் திரவம் வரும்போது தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் போகலாம். அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். வயதானவர்கள், உடல் மெலிந்தவர்கள், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

இரண்டாவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், அரிப்பு, தடிப்பு போன்ற ஒவ்வாமை. பெரும்பாலும் இவை இலேசானவை, அரிதாகக் கடுமையாகலாம்.

மூன்றாவது, ஆள் மாறி இரத்தம் ஏறுவது. இது மிக அரிது. ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான்காவது, உடல் அந்நிய இரத்தத்துக்கு எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்வது. அப்படி உருவானால் பின்னொரு நாள் அவசரத்துக்குப் பொருத்தமான இரத்தம் கிடைப்பது கடினமாகும்.

தொற்று ஆபத்து இன்று மிகக் குறைவு. மலேசியாவில் தானமாகப் பெறப்படும் இரத்தம் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகப்புண் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. ஆயினும் ஆபத்து அறவே இல்லை என்று எந்த நாட்டிலும் சொல்ல முடியாது.

இந்தக் காரணங்களால், அவசரமாக இரத்தம் இழக்காத நோயாளிக்கு இப்போது ஒரு நேரத்தில் ஒரு பை என்பதே வழக்கமாகி வருகிறது. ஒரு பை சுமார் 1 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபினை உயர்த்தும். அதன் பிறகு நோயாளியைப் பார்த்து, மறுபடி சோதித்து, அடுத்த பை வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள்.

உண்மையான சிகிச்சை, காரணத்தைக் கண்டுபிடிப்பது

ஓட்டை விழுந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி நிரம்பாது. இரத்தம் ஏற்றுவது சில வாரங்களுக்குச் சமாளிக்கும். இரத்தசோகையின் காரணத்தைத் தீர்க்காது. முதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் காரணங்கள் இவை:

இரத்தக் கசிவு: மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கி நீண்ட நாள் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம். மூல நோய், குடலில் கட்டி, குடல் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். வயதான ஒருவருக்கு இரும்புச் சத்து குறைந்திருந்தால், எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது முக்கியம். மருத்துவர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுநீரகப் பாதிப்பு: இரத்தம் உற்பத்தியாகத் தூண்டும் ஒரு சுரப்பு நீர் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானால் அது குறையும். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நாட்டின் பெரிய இனங்களில் இதுவே மிக அதிகம். இவ்வகை இரத்தசோகைக்குத் தனி ஊசி மருந்து உண்டு.

வைட்டமின் பி12 குறைவு: பல ஆண்டுகள் சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கும் இது வரலாம். கை கால் மரத்துப்போவதும் இதன் அறிகுறி. இதற்கு வேண்டியது பி12 ஊசி அல்லது மாத்திரை.

இரத்தம் ஏற்றும்போது என்ன நடக்கும்?

ஏற்றுவதற்கு முன் மருத்துவர் காரணத்தை விளக்கி உங்கள் எழுத்துச் சம்மதத்தைப் பெறுவார். புரியாமல் கையொப்பம் இட வேண்டாம். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை உதவிக்குக் கேளுங்கள்.

பையை மாட்டுவதற்கு முன் தாதியர் உங்கள் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் கேட்டு, கைப்பட்டையோடும் பையிலுள்ள சீட்டோடும் ஒப்பிடுவார்கள். ஏற்கனவே கேட்டார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரே வார்டில் இரண்டு சுப்பிரமணியமோ மூன்று லெட்சுமியோ இருப்பது நம்மிடையே அரிதல்ல. உங்கள் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரும் கேட்காமல் பையை மாட்ட வந்தால், "என் பெயரைச் சரிபார்த்தீர்களா?" என்று நீங்களே கேட்கலாம்.

ஒரு பை ஏற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. முதல் 15 நிமிடம் கூர்ந்து கவனிப்பார்கள். குளிர் நடுக்கம், அரிப்பு, முதுகுவலி, மூச்சுத் திணறல், ஏதோ கெடுதல் நடக்கப்போகிறது என்ற பதற்றம், சிறுநீர் கறுத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். ஏற்றி முடிந்த பிறகும், மறுநாள் வரை, மூச்சு வாங்கினால் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் ஹீமோகுளோபின் இப்போது எவ்வளவு? நேற்று எவ்வளவு?
• இரத்தசோகைக்குக் காரணம் என்ன? தெரியாவிட்டால் எப்படிக் கண்டறிவீர்கள்?
• இரத்தம் ஏற்றுவதால் எனக்கு என்ன நன்மை? என்ன ஆபத்து?
• இரும்பு ஊசி, மாத்திரை போன்ற வேறு வழி உண்டா?
• ஏற்றாமல் காத்திருந்தால், எந்த நிலையில் ஏற்றுவீர்கள்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால், காத்திருப்பது கைவிடுவதல்ல என்பது உங்களுக்கே விளங்கும். இதய நோய், சிறுநீரக நோய், முன்பு இரத்தம் ஏற்றியபோது வந்த ஒவ்வாமை ஆகியவற்றை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, காட்டுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால், களைப்பு போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். எண் சரியான பிறகும் சில மாதங்கள் சாப்பிட்டால்தான் உடலின் இருப்பு நிறையும். தேநீர், கோப்பி, பால் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது. சற்று இடைவெளி விடுங்கள். கொய்யா, ஆரஞ்சு போன்ற பழங்கள் இரும்பு சேர உதவும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகலாம், அது இயல்பு. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் 999ஐ அழையுங்கள்.

மீன், கோழி, இறைச்சி, பருப்பு, கீரை ஆகியவை நல்லவை. சிவப்பாக இருக்கும் சாறெல்லாம் இரத்தமாக மாறாது. ஸ்டவுட் குடித்தால் இரத்தம் ஊறும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள், அதில் உண்மையில்லை. வயிற்றுப் புண்ணும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்கு மது மேலும் கெடுதல் செய்யும்.

மறுபரிசோதனைக்கான தேதியைத் தவற விடாதீர்கள். இரத்தம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், எண் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தால்தான் சிகிச்சை முடிந்ததாகும்.

இறுதியாக ஒன்று. இரத்தம் ஆலையில் தயாராவதில்லை. காசு வாங்காமல் ஒருவர் கொடுப்பதால் மட்டுமே அது வருகிறது. பண்டிகைக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் கொடுப்போர் குறைவதுண்டு. மலாய்க்காரர்களையும் சீனர்களையும்விட இந்தியர்களிடம் ஆர்எச் நெகட்டிவ் வகை அதிகம் காணப்படுகிறது. அந்த வகை நோயாளிக்கு உதவ, அதே வகை உள்ளவர் முன்வர வேண்டும். உடல்நலமுள்ள உங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இரத்ததானம் செய்யச் சொல்லுங்கள். தேவையில்லாதவருக்கு ஏற்றாமல் வைத்த ஒரு பையும், அவர்கள் கொடுக்கும் ஒரு பையும், இன்றிரவு விபத்துப் பிரிவுக்கு வரும் ஒருவரின் உயிரைக் காக்கலாம்.